கேளுங்கள் டீச்சர்: பெயர் கேட்காத படிவமும் ஒரே ஒரு ஆணும்

கேள்வி: டீச்சர், வணக்கம். பிறையில் சின்னதாக ஒரு பயிற்சி மையம் நடத்துகிறேன். கணக்குப் பதிவும் சம்பளக் கணக்கும், எட்டு வாரப் பாடம். பாதி நேரில், பாதி இணையத்தில். அக்கா மகன் இணையவழிப் பாடம் நடத்த உதவும் மூடுல் தளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். போன தடவை 31 பேர் படித்தார்கள். கடைசி நாளில் 27 கேள்விகளோடு ஒரு கருத்துப் படிவம் போட்டேன். ஆறு பேர்தான் நிரப்பினார்கள். ஆறு பேரும் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. ஆனால் அடுத்த பாடத்துக்கும் வருகிறோம் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் வரவே இல்லை. ஏன் என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. படிவத்தை எப்படித்தான் போடுவது? பெயர் கேட்கலாமா, வேண்டாமா?
(வாசகி, பிறை)

பதில்: உங்கள் படிவத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள். முதல் கேள்வி பெயர். இரண்டாவது ஐசி எண், அதாவது அடையாள அட்டை எண். மூன்றாவது, ‘பயிற்றுநரின் கற்பித்தல் உங்களுக்கு மனநிறைவு அளித்ததா?’ தங்கச்சி, ஐசி நம்பரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ‘நான் நல்லா சொல்லித் தந்தேனா?’ என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

அந்த ஆறு பேரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நம் ஆட்கள் சொல்லித் தந்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்லிப் பழகாதவர்கள். கல்யாண மண்டபத்தில் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தாலும் ‘சாப்பாடு பிரமாதம்’ என்று சொல்லி, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு வருவோம். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் உப்பைப் பற்றிய பேச்சே ஆரம்பிக்கும். உங்கள் படிவம் மண்டப வாசலில் நின்று கேட்கிறது.

முதலில் பெயர் விஷயத்தை முடித்துவிடுவோம். மூடுலில் ‘ஃபீட்பேக்’ என்ற செயல்பாட்டைச் சேர்க்கும்போது ‘ரெக்கார்ட் யூசர் நேம்ஸ்’ என்று ஒரு வரி வரும். அதில் இரண்டே தேர்வு: அநாமதேயம், அல்லது பதிலோடு பெயரும் தெரிவது. பெரும்பாலும் அது அநாமதேயத்தில்தான் நிற்கும். ஆக, தளம் உங்கள் மாணவர்களின் பெயரை மறைக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறது. நீங்கள் மெனக்கெட்டுப் பெயரையும் ஐசியையும் கேள்வியாக டைப் செய்து அதைக் கெடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் யார் எதை எழுதினார் என்பது உங்கள் திரையில் தெரியாது. ‘மறுமொழி எண் 4’ என்று எண் மட்டும் நிற்கும்.

இன்னொன்று. நீங்கள் கட்டணம் வாங்கி நடத்துகிறீர்கள். ஐசி எண் போன்றவற்றைத் திரட்டினால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் எட்டிப் பார்க்கும். எதற்காகத் திரட்டுகிறோம் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் போதாது. சேர்க்கைப் பாரத்துக்கு அது தவிர்க்க முடியாத வேலை. கருத்துப் படிவத்துக்கு எதற்கு இந்தத் தலைவலி?

பெயரை எடுத்துவிட்டால் போதும், எல்லாரும் மனம் திறந்து எழுதிவிடுவார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நான் தீவுப் பக்கம் ஒரு கல்லூரியில் இணையப் பாடங்களைக் கவனித்துக்கொள்கிறவள். சில வருடங்களுக்கு முன் பாலர்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பாடம் நடத்தினோம். 14 பேர். படிவத்தை அநாமதேயத்தில் வைத்தேன். வகுப்பிலும் பெருமையாகச் சொன்னேன்: ‘யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது, தைரியமா எழுதுங்க.’ முதல் பக்கத்தில் வழக்கம்போல மூன்று கேள்வி: ஆணா பெண்ணா, வயது, எத்தனை வருட அனுபவம். ஏன் கேட்டேன்? எல்லாப் படிவத்திலும் இருக்கிறதே, அதனால்தான். வேறு காரணம் இல்லை.

வகுப்பில் ஆண் ஒரே ஒருவர்.

மறுமொழி எண் 9ஐத் திறந்தேன். முதல் வரியிலேயே ‘ஆண்’. கடைசிப் பெட்டியில், ‘வீடியோவில் டீச்சர் ஸ்லைடை அப்படியே வாசிக்கிறார். வாசிக்க எனக்கே தெரியும்.’ நியாயமான குறைதான். ஆனால் படித்த நிமிடம் முகம் சூடாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வகுப்பில், ‘இன்னைக்கு ஸ்லைடை வாசிக்கப் போறதில்ல’ என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லும்போது என் கண் அவர் உட்கார்ந்திருந்த பக்கம் போய்விட்டது. 13 பெண்களும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து போனைப் பார்த்தார். அந்தப் பாடம் முடியும்வரை அந்த வகுப்பிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் ஐந்துக்கு ஐந்துதான்.

அதனால் உங்கள் 31 பேரில் ஐம்பது தாண்டியவர் இரண்டு பேர்தான் என்றால் வயது கேட்காதீர்கள். இன்ன கம்பெனியிலிருந்து வருகிறவர் ஒருவர்தான் என்றால் வேலையிடம் கேட்காதீர்கள். சின்ன வகுப்பில் இந்த விவரங்களெல்லாம் சேர்ந்தால் பெயரைவிடத் தெளிவாக ஆளைக் காட்டிவிடும்.

இப்போது அந்த 27. ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ‘இதற்கு மோசமான பதில் வந்தால் நான் எதை மாற்றுவேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். ‘பயிற்சி மையத்தின் அமைவிடம் வசதியாக இருந்ததா?’ என்று ஒன்று இருக்கிறது. இல்லை என்று 20 பேர் சொன்னால் கடைவீட்டு மேல்மாடியைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த்துக்குப் போகப் போகிறீர்களா? ‘குறிப்புகளும் வீடியோக்களும் தெளிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்தனவா?’ என்பது ஒரு கேள்வி இல்லை, நாலு கேள்வி. வீடியோ நன்றாக இருந்து குறிப்பு புரியாதவர் எதை அழுத்துவார்?

நான் அடித்துக்கொண்டே போனேன், நாலு மிஞ்சியது. சொல்மாற்றத்தோடு தருகிறேன்.

முதலாவது: ‘இதுவரை நடந்ததில் எதை நிறுத்தி நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டியிருந்தது?’ கீழே உங்கள் பாடத்தின் தலைப்புகளையே கொடுங்கள்: இபிஎஃப் (சேமநிதி) பிடித்தம், சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்தம், பிசிபி (மாத வருமான வரி) பிடித்தம், ஓவர்டைம் கணக்கு. ஒன்றுக்கு மேலும் தேர்ந்தெடுக்கலாம் என்று வையுங்கள். ‘பாடம் புரிந்ததா?’ என்று கேட்டால் புரிந்தது என்பார்கள். எந்த இடம் என்று கேட்டால், புரியாத இடம் இருப்பது சகஜம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. கூச்சம் போய்விடும்.

இரண்டாவது: வேகம். மெதுவாகப் போகிறது, சரியாக இருக்கிறது, வேகமாகப் போகிறது. இதைச் சாதாரணத் தேர்வுக் கேள்வியாகவே வையுங்கள். மதிப்பெண்ணோடு வருகிற ‘ரேட்டட்’ வகையில் போடாதீர்கள். பத்துப் பேர் மெதுவு, பத்துப் பேர் வேகம் என்றால் சராசரி நடுவில் வந்து நின்று ‘எல்லாம் சரி’ என்று சொல்லும். உண்மையில் 20 பேருமே சங்கடத்தில் இருப்பார்கள்.

மூன்றாவது: ‘ஓர் ஊழியரின் சம்பளச் சீட்டை இப்போது யார் உதவியும் இல்லாமல் போட்டுவிடுவேன்.’ இதற்கு மதிப்பெண் வகை சரி. பெட்டியில் வரிக்கு ஒன்றாக, முன்னால் எண், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு சொற்கள்: 5/நிச்சயமாக முடியும், 4/முடியும் என்று நினைக்கிறேன், இப்படி 1 வரை. பகுப்பாய்வுப் பக்கம் சராசரியைத் தானே போட்டுக் காட்டும். 5தான் நல்லது என்பதை மாற்றாதீர்கள். ஒரு தடவை நான் 1ஐ ‘மிக நன்று’ என்று வைத்தேன், பரிசளிப்பு விழாவில் முதல் இடம்தானே உசத்தி என்று. பாதிப் பேர் ஹோட்டல் நட்சத்திரம் மாதிரி 5ஐ அழுத்தினார்கள், மீதிப் பேர் நான் எழுதியதைப் படித்து 1ஐ. சராசரி இரண்டே முக்காலோ என்னவோ வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த ஐந்து படி வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட். 1932இல் எழுதினார். நாம்தான் அவர் பெயரை ‘லைக்கர்ட்’ ஆக்கிவிட்டோம்.

நாலாவது, நீளமாக எழுதும் பெட்டி: ‘அடுத்த வாரம் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?’ வேறு கருத்து உண்டா என்று கேட்டால் ‘இல்லை, நன்றி’ என்றுதான் வரும்.

இதைக் கடைசி நாளில் போடாதீர்கள். மூன்றாம் வாரம் முடிந்ததும் திறந்து, ஐந்து நாளில் மூடுங்கள். திறக்கும் நாள், மூடும் நாள் இரண்டையும் அமைப்புகளிலேயே வைத்துவிடலாம். எட்டாம் வாரத்தில் எழுதுகிறவருக்கு அதனால் என்ன லாபம்? அவர் சொல்லும் மாற்றம் அடுத்த கூட்டத்துக்குத்தானே கிடைக்கப் போகிறது. மூன்றாம் வாரத்தில் கேட்டால் அவருக்கே கிடைக்கும். அதனால் எழுதுவார். நாட்காட்டியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் என் படிவம் தைப்பூசத்துக்கு முதல் நாள் திறந்து மறுநாள் மூடியது. மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்ணீர்மலை முருகன் கோயிலில், மிச்சப் பேர் தண்ணீர்ப் பந்தலில். எனக்கு வந்தவை மூன்று பதில்கள். அதில் ஒன்று நானே சோதனைக்குப் போட்டது.

சோதனை என்றதும் ஞாபகம் வருகிறது. பொய்யாக ஒரு மாணவர் கணக்கு உண்டாக்கி, படிவத்தை உங்கள் கைப்பேசியில் நிரப்பிப் பாருங்கள். கணினியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உங்கள் ஆட்கள் வேலை முடிந்து பஸ்ஸிலோ ஃபெரியிலோ உட்கார்ந்து நிரப்பப் போகிறவர்கள். தேர்வுகளைப் பக்கவாட்டில் அடுக்கினால் சின்னத் திரையில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். மேலிருந்து கீழாக என்று வையுங்கள். ஒவ்வொரு தேர்வுக் கேள்வியிலும் ‘நாட் செலக்டட்’ என்று ஓர் உபரி வரி வந்து நிற்கும், அதை மறைக்கவும் அங்கேயே வழி உண்டு. நேர் வகுப்பில் ஏழு நிமிடம் ஒதுக்கி, நீங்கள் வெளியே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். நீங்கள் அங்கே நிற்காமல் இருப்பது ரொம்ப முக்கியம்.

‘சான்றிதழைப் பூட்டி வைத்தால் எல்லாரும் நிரப்பிவிடுவார்களே’ என்று அக்கா மகன் போனில் சொல்லலாம். முடியும்தான். படிவத்தை அனுப்பினால் செயல்பாடு முடிந்ததாகக் கணக்கு, அது முடிந்தால்தான் சான்றிதழ் திறக்கும் என்று மூடுலில் நிபந்தனை போடலாம். நான் போட்டேன். நூற்றுக்கு நூறு பேர் நிரப்பினார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் ஐந்து. எழுதும் பெட்டியையும் கட்டாயமாக்கி வைத்திருந்தேன், அதில் என்ன வந்தது தெரியுமா? ஒரு புள்ளி. பதிலுக்குப் பதில் வெறும் ஒரு முற்றுப்புள்ளி. நான் சொன்னால், பூட்ட வேண்டாம். பூட்டியே தீர வேண்டும் என்றால் எழுதும் பெட்டியையாவது கட்டாயத்திலிருந்து விடுவித்துவிடுங்கள்.

நிரப்பியவர்களை அடுத்த தடவையும் நிரப்ப வைப்பது ஒன்றே ஒன்றுதான்: நாலாம் வார வகுப்பை, ‘நீங்கள் எழுதியதைப் படித்தேன்’ என்று ஆரம்பியுங்கள். ‘பிசிபி கணக்கில் 17 பேர் தடுமாறினதா சொல்லியிருக்கீங்க, இன்னைக்கு அதையே மறுபடி எடுக்கிறேன். வகுப்பை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தச் சொல்லி மூணு பேர் கேட்டிருக்கீங்க, அது முடியாது, எனக்கும் ஞாயிறு ஒண்ணுதான் லீவு.’ இப்படி. முடியாது என்று காரணத்தோடு சொன்னாலும் ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை. எழுதியதை யாரும் படிக்கவே இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டால்தான் ஆள் கை விட்டுப் போய்விடுகிறது. சொல்லும்போது யார் பக்கமும் பார்க்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. செயல்பாடுகளின் பட்டியலில் ‘சர்வே’ என்று ஒன்றும் இருந்தால் அதைத் தொடாதீர்கள். பெயர் பொருத்தமாகத் தெரியும், ஆனால் அதன் கேள்விகள் முன்பே எழுதி வைக்கப்பட்டவை. உங்களால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதில் வரும் ‘கொல்லெஸ்’ என்ற படிவத்தில் மட்டும் 24 வாக்கியங்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது தங்கம். சம்பளக் கணக்கு வகுப்புக்கு வேண்டாம்.

கேள்வி: கருத்துப் படிவத்தில் தமிழில் கேட்கவா, மலாயில் கேட்கவா? என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், பாதிப் பேர் தேசியப் பள்ளி. அத்தோடு, மூடுலை விட்டுவிட்டு கூகல் படிவத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் ஆகாதா?
(வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: மேலே தமிழ், அதன் கீழேயே மலாய், இரண்டும் ஒரே கேள்விக்குள். இரண்டு தனித்தனிப் படிவம் போட்டால் யார் தமிழ் படிக்கத் தெரியாதவர் என்று தெரிந்துவிடும், பதில்களையும் பிறகு கையால் கூட்ட வேண்டியிருக்கும். எழுதும் பெட்டியில் ‘எந்த மொழியிலும் எழுதலாம், கலந்தும் எழுதலாம்’ என்று ஒரு வரி சேருங்கள். என் அனுபவத்தில், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள்தான் அதிக நேர்மையாக எழுதுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அம்மாவோடு பேசுகிற மொழி அது.

கூகல் படிவம் தாராளமாக ஆகும். மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை அணைத்திருக்கிறீர்களா என்று மட்டும் இரண்டு தடவை பாருங்கள். ஒருவருக்கு ஒரே பதில் என்று கட்டுப்படுத்தினால் நிரப்புகிறவர் கூகல் கணக்குக்குள் நுழைய வேண்டியிருக்கும். பெயர் உங்களுக்கு வராது என்றாலும், நுழையச் சொன்னதுமே ‘இதில் என் பெயர் போகிறது’ என்று பயந்து மூடிவிடுவார்கள். சின்ன வகுப்பில் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். ஒருவர் இரண்டு தடவை நிரப்பினால் நிரப்பிவிட்டுப் போகட்டும், அவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள். ஒரு குறை: கூகலில் நிரப்பியது மூடுலுக்குத் தெரியாது. பாடத்தின் முன்னேற்றப் பட்டியலில் அது ஏறாது.

கேள்வி: என் மகள் ஒரு தனியார் கல்லூரியில் இணையம் வழி பாடம் எடுக்கிறாள். பருவ முடிவில் மாணவர்கள் போடும் மதிப்பெண்ணை வைத்துத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களாம். கூட வேலை செய்யும் பையனைவிட அவளுக்கு எப்போதும் கொஞ்சம் குறைவு. ‘நான் என்னம்மா தப்பா செய்யறேன்?’ என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.
(ஓர் அம்மா, கப்பளா பத்தாஸ்)

பதில்: உங்கள் மகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், அக்கா. அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் இணையப் பாடத்தில் ஆராய்ச்சி ஒன்று நடந்து, 2015இல் வெளிவந்தது. துணைப் பயிற்றுநர்கள் இருவர், ஒருவர் ஆண், ஒருவர் பெண். ஆளுக்கு இரண்டு குழு. ஒரு குழுவில் சொந்த அடையாளத்தில் பாடம் எடுத்தார்கள், இன்னொரு குழுவில் மற்றவராக. இணையம்தானே, மாணவர்கள் முகம் பார்க்கவில்லை. உண்மையில் பாடம் எடுத்தவர் ஆணோ பெண்ணோ, ஆண் என்று நம்பிய மாணவர்கள் அதிக மதிப்பெண் போட்டார்கள். விசேஷம் என்னவென்றால், எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்திருந்தும், ‘உடனுக்குடன் திருத்தித் தருகிறார்’ என்பதில்கூட ஆண் பெயருக்கே கூடுதல்.

சின்ன ஆராய்ச்சிதான், 43 மாணவர்கள். அதை வைத்து உங்கள் மகள் வகுப்பிலும் இதுதான் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொஞ்சம் குறைவு முழுக்க அவள் கற்பித்தலின் அளவு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது எண்ணை மட்டும் கொண்டு போக வேண்டாம் என்று சொல்லுங்கள். பருவ நடுவில் அவளே நாலு கேள்விப் படிவம் ஒன்று போடட்டும். மாணவர்கள் என்ன கேட்டார்கள், அவள் எதை மாற்றினாள், மாற்றிய பிறகு இடுபணிகள் எப்படி வந்தன என்று ஒரு பக்கத்துக்குத் தேதியோடு எழுதி வைக்கட்டும். கேட்ட தேதியும் மாற்றிய தேதியும் அதில் இருக்க வேண்டும். அதை மேசையில் வைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.